புறா என்றார் அத்தான்

— அது புறா. எழுதி வச்சுக்கோ, புறாவேதான். இப்ப என் கோட்டைக் குடு.

— அத்தான், புறா தண்ணி மேல ஓடுமா? காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு, ஏரி மேல நடக்குற மாதிரி தத்தித் தத்தி?

— தாகமா இருந்திருக்கும். கோட்டு எங்க?

— உள்ள காயுது. சலவைக் கடைன்னா கொஞ்சம் காத்திருக்கத்தான் வேணும். அந்தப் பறவைக்கு உடம்பெல்லாம் கரி நிறம் அத்தான். வாலடியில மட்டும் வெள்ளை, சுண்ணாம்பைத் தொட்டு வச்ச மாதிரி.

— அப்ப தகைவிலான் குருவி. இலை உதிர்ற மாசத்துல கூட்டத்தை விட்டுட்டு ஒண்ணு ரெண்டு இப்படித் திரியும்.

— இப்பதானே புறான்னீங்க?

— புறா மாதிரி இருக்கிற தகைவிலான். இங்க பாரு தாயே, பறவைச் சங்கத்துக்கு நான் பதினாறு வருஷமா செயலாளர்...

— அலகு மேல சின்னதா ஒரு குழாய்.

— என்னது?

— மூக்கு அத்தான். கடல்லயே கிடக்கிற பறவைக்குத்தானே அப்படி இருக்கும்? இந்த வாரம் அடிச்ச புயல் கொண்டு வந்து போட்டிருக்கும்.

— கடலுக்குப் போகணும்னா ஒரு ராத்திரி ஒரு பகல் ரயில்ல உட்காரணும்! போன வருஷமும் இப்படித்தான் கடல்காகம்னு குதிச்ச. போய்ப் பார்த்தா மரத்துல பிளாஸ்டிக் கவர்.

— நீங்க செருப்பு மாட்டிக்கிட்டு வர்றதுக்குள்ள அது பறந்து போச்சு. கவர் பாவம், அங்கேயே இருந்துச்சு. பதிவேட்டுல கவர்னே எழுதிட்டீங்க. இன்னிக்கும் சங்கத்துல என் பேரு கவர்க்காரி.

— ஆதாரம் இல்லியே. ரெண்டு பேர் பார்க்கணும், அதான் சங்கச் சட்டம்.

— சொந்தக் கொழுந்தியாளுக்குக்கூட வளையாத மனுஷன்.

— கோட்டு!

— அந்தக் கறை என்ன கறை அத்தான்? ரெண்டு தடவை அலசியும் நாத்தம் போகலை.

— மீன் எண்ணெய். மருந்து பாட்டில் கொட்டிடுச்சு.

— ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்குமா? எதையோ தூக்கப் போயிருக்கீங்க. அது பயந்து வயித்துல இருந்த எண்ணெயை உங்க மேலயே கக்கியிருக்கு.

— நீ... ஏரிக்கரையில இருந்தியா? எந்தப் பக்கம் நின்ன?

— "வாலடியில் வெண்மை, சுண்ணாம்பைத் தொட்டு வைத்தது போல." அழகா எழுதுறீங்க அத்தான்.

— அடிப்பாவி!

— துவைக்கிறதுக்கு முன்னாடி கோட்டுப் பையைத் துழாவுறது எங்க தொழில். நான் இன்னிக்கு ஏரிப் பக்கமே போகலை. ஒரு காக்காயைக்கூடப் பார்க்கலை. இவ்வளவு நேரமும் நீங்க எழுதினதைத்தான் உங்களுக்கே படிச்சேன். நான் முந்திக்குவேன்னு பயந்து புறான்னது நீங்க.

— அந்தத் தாளைக் குடு. ஈரக் கையால பிடிக்காத.

— முதல்ல பார்த்தவர், நீங்க. சரி. சாட்சின்னு ஒரு இடம் காலியா கிடக்கே?

— ஆள் சிக்கலை. ஆறு மணிக்குக் கூட்டம். நீ ஒரே ஒரு கையெழுத்து... போன வருஷப் பதிவேட்டுல கவரை அடிச்சுட்டுக் கடல்காகம்னு எழுதிடுறேன். சத்தியமா.

— பார்க்காததுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். "பறவை இப்போது அட்டைப்பெட்டியில், வீட்டு மாடியில்"னு எழுதியிருக்கு. இதோ, கடையைச் சாத்திட்டேன். எனக்கும் ஒரே ஒரு தடவை காட்டுங்க அத்தான்.