வாசலில் நிற்கும் ரத்தக்காட்டேரி

ஒடுகத்தூரிலிருந்து மலையேறும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் செல்போனில் தொடர்கதை எழுதுகிறாளாம். பேய்க்கதை என்றாலே பகலிலும் ஜன்னலைச் சாத்துகிற நான், காதை மட்டும் திறந்து வைத்தேன்.

"என் கதை ஹீரோ ஒரு விஞ்ஞானிக்கா, ரத்தக்காட்டேரியும்கூட. கால இயந்திரத்துல ஐந்நூறு வருசம் பின்னாடி நம்ம மலைக்கு வர்றான். யாராச்சும் 'உள்ள வா'ன்னாதான் வூட்டுக்குள்ள நுழைய முடியும்."

"நம்ம ஊர்ல வாசல்ல நின்னாலே கூப்புடுவாங்களேடி! மொத நாளே ஊரு காலி."

"ஐயையோ! சாயங்காலம் இந்த வாரக் கதைய அனுப்பணுமே. இன்னாக்கா பண்றது?"

"கூப்புட்டவங்க சாப்பாடு போடாம வுடுவாங்களா? சாமைச் சோத்துல பூண்டுக் கொழம்ப ஊத்து. காட்டேரிக்குப் பூண்டு ஆவாதுன்னு நீதான சொன்ன?"

"அவன் செத்துட்டா கதையே முடிஞ்சுடும்க்கா!"

"அப்ப பூண்ட கொறச்சுக்கோ. வயித்து வலியோட நாலு வாரம் ஓடட்டும்."