ஏழு மீன்களுக்கு ஒரே பதிவு எண்

பார்த்து வாருங்கள், இன்ஸ்பெக்டர் ஜெயசீலன். கூடத்துத் தரை முழுக்க ஈரம். மீனை நீங்கள் கீழே வனத்துறை வண்டியில் ஏற்றிவிட்டு வருவதற்குள் இந்த வாக்குமூலத்தை முடித்துவிடுவேன். முப்பத்தோரு வருடம் கோப்புகளில் குறிப்பு எழுதியவன். அனந்தகிருஷ்ணன் எழுதினால் அடித்தல் திருத்தல் இருக்காது என்று இந்த லோதி ரோடு குவார்ட்டர்ஸில் என் எதிரிகளே சொல்வார்கள்.

முதலில் ஒன்று. நாங்கள் சைவம். வீட்டுக்குள் முட்டைகூட வந்ததில்லை. எந்த உயிருக்கும் நான் தீங்கு நினைத்ததில்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளவும்.

இரண்டு வருடத்துக்கு முன் அரோவானா மீன் வாங்கச் சொன்னவன் தொட்டிக்கடை வேணு. இரண்டடி நீளம், பொன்னிறச் செதில், தாடையில் மீசை, முகத்தில் ஜாயின்ட் செக்ரட்டரியின் அலுப்பு. "சார், வீட்டு ஆளுக்கு வர்ற கண்டத்தை இது வாங்கிக்கிட்டுப் போய்ச் சேந்துரும். அப்புறம் நம்மகிட்டயே வேற எடுத்துக்கலாம்" என்றான். காட்டில் அருகிப்போன இனம், பதிவில்லாமல் வைத்திருந்தால் குற்றம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆகவே முறைப்படி பதிவு செய்தேன். இந்தக் காலனியில் நாய்க்குக்கூட யாரும் அதைச் செய்வதில்லை.

முதல் மீன் தானாகவே போனது. தொட்டியைக் கழுவிய பிறகு மூடி சரியாக விழவில்லை. குதித்துத் தரையில் கிடந்து செத்தது. மறுநாளே என் மேலிருந்த விஜிலன்ஸ் விசாரணை கைவிடப்பட்டது. எனக்கு மூடநம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த உத்தரவின் நகல் கையில் இருக்கிறது.

அதன்பிறகு தேவைப்பட்டபோது மூடியைத் திறந்து வைத்தேன். அவ்வளவுதான். குதித்தது மீன். இரண்டாவது மீன் போனதும் இடமாற்றம் ரத்தானது. மூன்றாவது என் பித்தப்பைக் கல்லுக்கு. நான்காவது மீன், மகன் ஷ்ரவணின் விசாவுக்கு. ஐந்தாவது கடைவாய்ப் பல்லுக்கு. கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆறாவது காலனிச் சங்கத் தேர்தலுக்கு. பதினொரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தேன்.

செத்ததை ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்டீர்கள். அரசாங்கத்தில் ஆள் போனாலும் பதவி போகாது. அதே நாற்காலியில் அடுத்தவரை உட்கார வைப்போம். நானும் அதே எண்ணில் அடுத்த மீனை அமர்த்தினேன். ஒவ்வொரு மீனின் உடம்பிலும் தனி எண்ணோடு சிப் இருக்கும், அதை உங்கள் கருவி படிக்கும் என்பது மட்டும் என் குறிப்பில் விட்டுப்போயிற்று.

என் மனைவி வைதேஹிக்கு எல்லாம் ஒரே மீன்தான், அப்படித்தான் நினைத்திருந்தேன். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு நாள் முழுக்கத் தொட்டியருகே உட்கார்ந்து, சீனு என்று பெயர் வைத்து, கையாலேயே தீனி ஊட்டுவாள். என்னிடம் பேசியதைவிடச் சீனுவிடம் அதிகம் பேசினாள். எனக்கு அது வலித்தது.

"ஏன்னா, நேத்திக்கு வரைக்கும் என் கைலேர்ந்து வாங்கிண்டது. இன்னிக்கு என்னைப் பார்த்து மிரள்றது. இது நம்ம சீனு இல்லை" என்றாள், மூன்றாவது மாறியபோது.

"வயசாயிடுத்து, மறதி" என்றேன். மீனுக்கா அவளுக்கா என்று சொல்லவில்லை. இரண்டு நாள் அழுதாள். ஆறாவது மாறியபோது ஒன்றுமே கேட்கவில்லை. பக்குவம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

இன்று காலை நீங்கள் வாசலில் நின்று, "ஒங்க வீட்டம்மாதான் சார் கம்ப்ளெய்ன்ட் குடுத்தாவ" என்றபோதுதான் எனக்கு விஷயம் தெரியும். அவள்மேல் கோபமில்லை. இத்தனை வருடத்தில் என்னைக் கேட்காமல் அவள் செய்த முதல் காரியம் அது.

ஒரே ஒரு நடைமுறைச் சிக்கல். வியாழக்கிழமை எனக்கு ஆஞ்சியோ. அதற்கு மேல் உங்கள் வழக்கு. கண்டம் இரண்டு, மீனையோ நீங்கள் கொண்டுபோய்விட்டீர்கள். எனக்கு வருவதை வாங்கிக்கொள்ள இனி இந்த வீட்டில் வைதேஹி ஒருத்திதான் பாக்கி.

உள்ளறையிலிருந்து அவளுடைய வாக்கர் சத்தம் கேட்கிறது. தொட்டியைப் பார்க்கத்தான் வருகிறாள். கூடத்து ஈரம் இன்னும் காயவில்லை. தரை துடைக்கும் துணி என் நாற்காலிக்கடியிலேயே கிடக்கிறது. நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.