இத்தோவின் வயிற்றில் உறங்கியவன்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம் இத்ரீஸின் சித்தி மகள் லுப்னாவுக்கு நடந்தது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்.

நோன்பு மாதம். நோன்பு திறக்க இருபது நிமிடம்தான் இருந்தது... அந்த நேரத்தில் அட்லஸ் மலைச் சாலையில் ஒரு கழுதைகூட இருக்காது. மாதம் ஒருமுறை கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்க வரும் வேன் மட்டும் ஓரமாக நின்றது. லுப்னா அதில் டாக்டர். அவளுக்கே அப்போது ஐந்தாம் மாதம்.

கதவைத் தட்டினாள் இத்தோ. நாற்பதைத் தாண்டியவள். நனைந்த கம்பளி வாசனை... பதினோரு வருடத்துக்கு முன் அவள் புருஷன் ஹம்மு படகேறி ஸ்பெயினுக்குப் போனான். போனவன் போனவன்தான். அப்போது அவளுக்கு மூன்று மாதம். பிறகு வயிறு வற்றிவிட்டது. பிள்ளை உள்ளேயே உறங்கிவிட்டது, வேளை வந்தால் எழும் என்றார்கள் மலைப் பெண்கள். அவளும் நம்பி, மாதம் தவறாமல் வேனுக்கு வந்தாள்.

"டாக்டரம்மா, கஞ்சி ஆறுது. அவ வயித்துல காத்துதான் இருக்கு, அனுப்பிட்டு வாங்க," என்றான் வெளியிலிருந்து ஓட்டுநர் லஹ்சன்.

லுப்னா ஜெல் தடவிக் கருவியை வைத்தாள். திரையில் கறுப்பு. வெறும் கறுப்பு.

"எந்திரிச்சுட்டானா?"

"இல்லக்கா..."

"ஊரே சிரிக்குது டாக்டரம்மா. ஒரே ஒரு வாட்டி அவன் சத்தத்தைக் கேட்டுட்டா போதும்."

லுப்னாவுக்கு மனசு கேட்கவில்லை. தன் பிள்ளையின் இதயத்துடிப்பைப் புருஷனுக்குக் காட்டுவதற்காகக் காலையில்தான் அந்த இயந்திரத்தில் பதிந்து வைத்திருந்தாள். அதைப் போட்டாள். டப்டப்டப்டப்... எட்டுத் துடிப்பு ஓடி, ஒன்பதாவதில் சின்னதாக ஒரு தடுக்கல்.

"கேளுங்கக்கா. உங்க பிள்ளதான்."

பாவம் பார்த்துச் சொன்ன பொய். இத்தோ அழவில்லை. லுப்னாவின் கையை முத்தமிட்டுவிட்டு இறங்கிப் போனாள். கீழே பள்ளிவாசலில் பாங்கு... லுப்னா ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டாள். இனிப்புப் பட்டதும் தினமும் உதைக்கும் பிள்ளை, அன்று உதைக்கவில்லை.

பதறிப்போய்த் தன் வயிற்றில் கருவியை வைத்தாள். இரத்தமில்லை, வலியில்லை. திரையில் அதே கறுப்பு. காலையில் பதிந்த துடிப்பும் இயந்திரத்தில் இல்லை. பட்டணத்துப் பெரிய டாக்டர்கள் பொய்க் கர்ப்பம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவள் புருஷன் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தான்.

அடுத்த மாதம் இத்தோ வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கருவியை வைத்தாள் லுப்னா. டப்டப்டப்டப்... எட்டு. ஒன்பதாவதில் தடுக்கல்.

"அது என்னோட பிள்ளக்கா... குடுத்துடுங்க," என்று உடைந்து அழுதாள்.

இத்தோ அவள் தலையைத் தடவினாள். "உங்களுது தூங்குது, அவ்வளவுதான். யாராச்சும் உங்க மேல பாவப்படுவாங்க டாக்டரம்மா. காத்திருங்க."

லுப்னா அந்த வேலையை விட்டுவிட்டாள். கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டுப் பக்கமே போவதில்லை. இன்னொருத்தியின் வயிறு காலியாகித் தனக்குப் பிள்ளை வேண்டாம் என்றாள். ஏழு வருடம் அப்படியே ஒதுங்கி வாழ்ந்தாள், பாவம்.

போன வெள்ளிக்கிழமை இத்ரீஸின் மனைவி அவளைத் தேடிப் போனாள். அவளுக்கு ஆறாம் மாதம். விஷயம் தெரியாதவள். லுப்னா விலகுவதற்குள் கட்டிப்பிடித்து, "ஏன்டி எங்கள ஒதுக்குற? இதுவும் உன் பிள்ளதான்," என்றாள்.

லுப்னா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி... தன் வயிற்றின்மேல் கையை வைத்தாள்.