வால் இல்லாத கமா

இல்ல டாக்டர், நான் போகப் போறதில்ல. அந்த மூளை ஸ்கேன் படத்தை நீங்க திரும்பப் பார்க்கற வரைக்கும் இந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்க மாட்டேன். காப்பியா? ஊத்திட்டீங்களா, சரி, அப்படியே மேசையில வைங்க. அப்புறமா எடுத்துக்கறேன்.

நார்மல்னு எழுதிட்டீங்க. அதை நம்பி ஒரு ஆள் வைத்தியமே இல்லாம வீட்டுக்குப் போகணும், அதானே? ரிப்போர்ட்டுல உங்க வார்த்தைதான் கடைசி வார்த்தை, தெரியாம இல்ல. நான் வெறும் இயற்பியல்காரி, கதிர்வீச்சுக் கணக்குப் பார்க்கறவ. ஆனா உங்க கண்ணு முன்னாடி வர்ற படம் ஒழுங்கா வரணும்ல, அது என் வேலை. அந்தப் படம் பொய் சொன்னா நான் வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா?

என்னது? கம்ப்யூட்டர்ல விளையாடி இல்லாத நோயை உண்டாக்கறேனா? நல்லா இருக்கே கதை!

இங்க பாருங்க. ஊசியில போட்ட மருந்து மூளைக்குள்ள போய் உக்காந்துக்குது. அங்கேருந்து கிளம்பற கதிரெல்லாம் நேராவா வெளியே வருது? நிறைய, வழியில எதுலயாவது முட்டி, திசை மாறி, எங்கெங்கயோ சுத்திட்டு வருது. நம்ம கேமரா இருக்கே, சரியான அப்பாவி. வாசல்ல வந்து நிக்கறவன் எல்லாம் நேரா வீட்டுலேருந்துதான் வர்றான்னு நம்பிடும். இருட்டா இருக்க வேண்டிய இடத்துலயும் கொஞ்சம் வெளிச்சத்தைப் பூசிடும். நீங்க பூச்சைப் பார்த்துட்டு சுவர் நல்லா இருக்குங்கறீங்க.

நான் அதே தலையைக் கம்ப்யூட்டருக்குள்ள கட்டி, கோடிக்கணக்குல கதிரை ஒவ்வொண்ணா அனுப்பறேன். எது வழி தவறி வந்ததுன்னு அதுக்குத் தெரியும், அனுப்பினதே அதுதானே. அந்தப் பங்கைக் கழிச்சிட்டா மிச்சம்தான் நிஜம்.

படம் எடுக்கறப்போ தலை வைக்கற தாங்கியா? கேப்பீங்கன்னு தெரியும். அதுலயும் கதிர் முட்டும்ங்கறதைப் போன தடவை நான் கணக்குல விட்டுட்டேன். தலையை அந்தரத்துல தொங்க விட்டுட்டியேம்மான்னு மீட்டிங்ல சிரிச்சீங்க. சிரிங்க. இந்தத் தடவை தாங்கி, அதுமேல போடற பஞ்சு, நெத்தியில கட்டற பட்டை எல்லாம் சேர்த்தாச்சு. பிளாஸ்டிக் தலைக்குள்ள நானே மருந்தை அளந்து ஊத்திப் பார்த்தாச்சு. என்ன ஊத்தினேனோ அதுதான் வந்துச்சு. உங்க பழைய முறையில எடுத்த படத்துல அப்படி வரல.

இது நான் கழிச்சு எடுத்த படம், மவுஸை நீங்களே நகத்துங்க. ம், அங்கதான். நடுவுல ரெண்டு கமா மாதிரி வெளிச்சம் தெரியுதா? வலது மூளையில தலையும் வாலுமா முழுசா இருக்கு. இடதுல வால் எங்க? வெறும் புள்ளி. இப்பப் பழைய படத்தைப் போடுங்க. வால் மாதிரி ஒரு மங்கல் இருக்குல்ல? அது வால் இல்ல டாக்டர், சிதறி வந்த குப்பை.

ரெண்டு படத்தையும் மாத்தி மாத்திப் பார்த்தாச்சா?

சின்ன வயசா? வீணா பயமுறுத்த வேணாம்ங்கறீங்களா? பயப்படற ஆளுன்னு உங்களுக்கு யார் சொன்னா? உங்க பொய் நிம்மதி யாருக்கு வேணும்? இருக்கறது இருக்குன்னு சொல்லுங்க, மிச்சத்தை அந்த ஆள் பார்த்துக்கும்.

எனக்கு எப்படித் தெரியுமா? படம் பார்க்கறவருக்குப் பேரை மறைச்சு அனுப்பறது நம்ம வழக்கமாச்சே, அதான் உங்களுக்குத் தெரியல. போன மாசம் என் பொண்ணுக்கு ஜடை பின்ன உக்காந்தேன், வலது கை, இடது மூளை ஆட்டி வைக்கற கை, சொன்ன பேச்சு கேக்கல. அன்னிலேருந்து அந்தக் கையைக் கோட்டுப் பையிலயே வச்சிருக்கேன். நடுக்குவாதமான்னு பார்க்க நரம்பு டாக்டர்தான் இந்த ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

அப்படிப் பார்க்காதீங்க. காப்பி அங்கயே இருக்கட்டும், கொட்டினா உங்க மேசைதான் பாழாகும். நீங்க சொல்றது சரின்னா எனக்கு ஒண்ணுமே இல்ல, இப்பவே குதிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆசையாத்தான் இருக்கு. ஆனா என் கணக்கு சரி, டாக்டர். திருத்தி எழுதுங்க.