குவேசார் விழாத டேப்

"ஹலோ... ஆமா, மாளவிகாதான். சொல்லு பத்ரி... டேப் வந்துடுத்தா?... ஓட்டிப் பாத்தியா?... ம்... ம்... என்னது, ஒண்ணுமே இல்லையா? ஒரு நிமிஷம் இரு. அம்மா, அந்த மிக்ஸிய கொஞ்சம் நிறுத்தேன்... ம், சொல்லு."

மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில், தொலைபேசி ஒயர் எட்டும் தூரத்தில் இருந்த ஒரே நாற்காலியில் மாளவிகா உட்கார்ந்தாள். அவளுடைய ஆராய்ச்சிக்குக் கடைசி அத்தியாயமே அந்த டேப்தான். பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் குவேசார் என்னும் மிகப் பிரகாசமான வான்பொருள் ஒன்றின் எக்ஸ்ரே கதிர்களை, விண்வெளியில் சுற்றும் தொலைநோக்கி ஒன்று அவளுக்காகப் பதினோரு மணி நேரம் பார்த்து அதில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதினோரு மணி நேரத்துக்காக இரண்டு வருஷம் காத்திருந்தாள். பெங்களூர் பத்ரிநாராயணன் இதில் அவளுக்குக் கூட்டாளி. தொலைநோக்கி நேரத்தை ஒதுக்கும் கமிட்டிக்கு விண்ணப்பத்தை டைப் அடித்து அனுப்பியவனும் அவன்தான்.

"தொலைநோக்கி சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு... ஆமா, ஆமா... அப்ப பாத்த இடம்தான் தப்பு. எவ்வளவு தள்ளி?... முழு நிலா அகலத்தைவிட ஜாஸ்தியா? அது அம்பது வருஷ வித்தியாசம்னா... எப்படி? நான் ரெண்டாயிரத்துக்கு மாத்தித்தானே உனக்குக் குடுத்தேன்... என்ன சொன்ன? நீயும் மாத்தினியா?"

பூமியின் அச்சு மெல்ல ஆடுவதால் வானத்தில் எல்லாவற்றின் இடமும் கணக்கில் நகர்ந்துகொண்டே இருக்கும். பழைய பட்டியலில் 1950-க்குக் கொடுத்திருப்பதை 2000-க்கு மாற்றி எழுத வேண்டும். அவள் ஒரு தடவை மாற்றினாள். அவன் பொறுப்பாக இன்னொரு தடவை மாற்றிவிட்டான். பதினோரு மணி நேரமும் தொலைநோக்கி வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. மாளவிகாவுக்குச் சிரிப்புதான் வந்தது, சிரிக்கத் தெம்பில்லை.

"இல்லைப்பா, திட்டலை... கமிட்டிக்கு லெட்டரா? இன்னிக்கே ஃபேக்ஸ் போகணுமா?... ஓ. தப்பு பண்ணினவா பேரை எடுத்துட்டு, மத்தவாளுக்கு மட்டும் திரும்ப நேரம் குடுப்பாளா... உன் பேரை எடுக்கச் சொல்லப் போறியா... தெரியும், என் ஸ்டைபெண்ட் மார்ச்சோட முடியறது... தெரியும் பத்ரி, இது இல்லேன்னா எனக்குத் தீசிஸே இல்லை... கொஞ்சம் இரு."

மேஜை மேலிருந்த ஃபைலைப் பிரித்தாள். அவனுக்குத் தபாலில் அனுப்பிய தாளின் கார்பன் காப்பி அதில் இருந்தது. எண்களெல்லாம் அழகாக, அவள் கையெழுத்தில். எந்த வருஷக் கணக்கு என்று எழுத வேண்டிய இடம் மட்டும் காலி. இதுகூடவா சொல்ல வேண்டும் என்று விட்டது.

"பத்ரி, கார்பன் காப்பி என் கையில இருக்கு... கேளு. நான் வருஷம் போடலை. போடாட்டா நீ பழைய கணக்குன்னுதானே எடுத்துப்பே. தப்பு என்னோடது. என் பேரை எடுக்கச் சொல்லு... பத்ரி? ஹலோ? ஹலோ?"

லைன் செத்துக் கிடந்தது. எதுவரை அவன் காதில் விழுந்தது என்று தெரியவில்லை. விழவில்லை என்றால் அவன் பாட்டுக்குக் கடிதத்தை அனுப்பிவிடுவான், அவளுக்குக் கடைசி அத்தியாயம் மிஞ்சும். அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று ஆசையாகவே இருந்தது. ரிசீவரை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே மிக்ஸி மறுபடி ஓட ஆரம்பித்தது.

மணி அடித்தது. நாலாவது மணிக்குத்தான் எடுத்தாள்.

"ஹலோ... ஆமா, கட் ஆயிடுத்து... எதுவரைக்கும் கேட்டுது?... கார்பன் காப்பி வரைக்குமா... அதுக்கப்புறம் ஒண்ணுமே கேக்கலையா... இல்லை, அனுப்பாதே. இரு. அம்மா, மிக்ஸிய நிறுத்து... இப்ப நன்னா கேக்கறதா? திரும்பச் சொல்றேன், எழுதிக்கோ. வருஷம் போடாதது நான். எடுக்க வேண்டிய பேர் மாளவிகா... பேசாதே பத்ரி, எழுது... எழுதினியா?... படி, கேக்கறேன்... ம்... ம்... சரியா இருக்கு. வெச்சுடறேன்."