உறைக்குள் இருந்த முப்பத்தொரு பெயர்கள்

முழங்கால் தேய்ந்துபோய் இப்போதெல்லாம் நான் மாடி ஏறுவது குறைவு. அதனால்தான் உங்களைத் துறை அறைக்குக் கூப்பிடாமல் இந்தக் கீழ்த்தள நூலகத்தில் உட்கார வைத்தேன். மின்விசிறி கொஞ்சம் சத்தம் போடும், பொறுத்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் விடுமுறை, யாரும் வரமாட்டார்கள். சென்னையிலிருந்து பெரம்பலூர் வரைக்கும் இதற்காகவே வந்திருக்கிறீர்கள். மழுப்பி அனுப்ப எனக்கும் தெம்பில்லை, மேடம்.

உங்கள் கேள்வி சின்னது. உங்கள் அறக்கட்டளையின் நல்கை வாங்கி ஆய்வு செய்த சண்முகப்பிரியா, தன்னிடம் பேசியவர்களின் பெயர்களை வெளியே விட்டாளா இல்லையா. விட்டாள் என்று முடிவானால் நல்கை போகும், பிஎச்.டி. பதிவு போகும், இனி எந்தப் பல்கலைக்கழகமும் அவளை வாசற்படி ஏற்றாது. விட்டாள் என்று உங்களுக்குக் கடிதம் எழுதியவன் நான், அவளுடைய வழிகாட்டி. என்னைத் தேடி வந்தது நியாயம்தான்.

தா.பழூர்ப் பக்கத்துப் பெண். நெல் விவசாயக் குடும்பம், வீட்டில் முதல் பட்டதாரி. என்னிடம் ஆய்வுக்குச் சேர்ந்த பிள்ளைகள் எல்லோரும் என் வீட்டுக் கரண்ட் பில் கட்டுவார்கள், கேஸ் சிலிண்டருக்குப் போன் போடுவார்கள், என் மகளைக் கோச்சிங் வகுப்பில் விட்டு வருவார்கள். நான் கேட்டதில்லை. இங்கே அப்படித்தான் வழக்கம். மாதக் கடைசியில் வருகைப் பதிவில் வழிகாட்டி கையெழுத்துப் போட்டால்தானே அவர்களுக்கு உதவித்தொகை வரும். பிரியா மட்டும் எதுவும் செய்யமாட்டாள். மரியாதையில் ஒரு குறையும் இருக்காது. லைப்ரரிக்குப் போகணும் சார் என்பாள், போய்விடுவாள். அதற்காக நான் கோபப்பட்டவன் இல்லை. கையெழுத்தை ஒரு மூன்று மாதம் இழுத்தடித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அப்புறம் உங்கள் நல்கை அவளுக்குக் கிடைத்தது. அதன் நிபந்தனைப்படி எதை ஆராய்வது என்று கல்லூரியோ வழிகாட்டியோ சொல்லக் கூடாது. என்ன கண்டுபிடித்தாலும் அவளுக்கு இடைஞ்சல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த உறுதிமொழியில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். போடும்போது என் வயிறு எரிந்தது. என் காலத்தில் நானும் முந்திரிக் காட்டுக் கூலிகளைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன். அது வேண்டாம், கூட்டுறவு வங்கி என்று மாற்றிக்கொள் என்றார் என் வழிகாட்டி. ஒரே மத்தியானத்தில் மாற்றிக்கொண்டேன். இருபத்தேழு வருஷமாக அந்த வங்கிகளைப் பற்றித்தான் பாடம் நடத்துகிறேன். எனக்குக் கிடைக்காத சுதந்திரம் இந்தப் பெண்ணுக்கு மட்டும் எதற்கு என்று தோன்றியது. தோன்றியதைச் சொல்வதில் என்ன இருக்கிறது.

அவள் எடுத்த தலைப்பு கல்குவாரிச் சாவுகள். பாறை சரிந்து செத்தவனை ரோட்டோரம் கொண்டு வந்து போட்டு, பக்கத்தில் அவன் பைக்கையும் சாய்த்துவிட்டால் அது சாலை விபத்து. இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, யாரும் எழுதி வைக்காத சங்கதி. பிரியா டவுன் பஸ்ஸிலும் நடந்தும் ஒரு வருஷம் அலைந்து முப்பத்தொரு குடும்பங்களைப் பேச வைத்தாள். ஆய்வேட்டில் யார் பெயரும் இருக்காது, எண்தான் இருக்கும். எந்த எண் யார் என்கிற பட்டியல் ஒன்றே ஒன்று. அதை உறையில் போட்டு ஒட்டி வழிகாட்டியின் பொறுப்பில் வைக்க வேண்டும் என்பது எங்கள் நெறிக்குழுவின் விதி. அவள் விதியை அப்படியே நம்பினாள். நகல்கூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. தன்னிடம் இருந்தால் யாராவது மிரட்டி வாங்கிவிடுவார்கள், சாரிடம் இருந்தால் பயமில்லை என்று மற்ற பிள்ளைகளிடம் சொன்னாளாம். உறையை என் பீரோவில், பழைய விடைத்தாள்களுக்கு அடியில் வைத்தேன்.

முத்துவேல் எங்கள் கல்லூரிச் செயலாளர். அவருடைய மச்சான்கள் இரண்டு பேருக்குக் குவாரி இருக்கிறது. ஒருநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நீங்கள் நினைப்பதுபோல மிரட்டவெல்லாம் இல்லை. நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார், முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

"யார் யாருன்னு தெரிஞ்சா போதும் சார். நாமளே போயி அவங்களுக்கு ஒரு நல்லது கெட்டது பாத்துடலாம். அந்தப் புள்ள எழுதித்தான் ஆவணுமா, சொல்லுங்க," என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை, மேடம். அறைக்குத் திரும்பி, கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஆவியில் உறையைப் பிரித்து, ஜெராக்ஸ் எடுத்து, திரும்ப ஒட்டினேன். அரை மணி நேர வேலை. பதவி உயர்வு கேட்டேனா என்று பார்க்கிறீர்கள். எதுவும் கேட்கவில்லை. மாட்டேன் என்று சொல்லியிருந்தால் ஒரு வருஷத்துக்குத் தினமும் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு அவ்வளவு சக்தி கிடையாது.

அடுத்த பத்து நாளில் முப்பத்தொரு வீட்டுக்கும் ஆள் போனது. சிலருக்கு வேலை கொடுத்தார்கள், சிலரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நாங்கள் அந்தப் பெண்ணிடம் எதுவும் சொல்லவில்லை என்று ஒருத்தியைத் தவிர எல்லோரிடமும் எழுதி வாங்கினார்கள். பிரியா அடுத்த தடவை போனபோது ஊர் எல்லையிலேயே மறித்திருக்கிறார்கள். நேராக என்னிடம் வந்து, உறை இருக்கிறதா சார் என்று கேட்டாள். எடுத்துக் காட்டினேன். ஒட்டு பிரியாமல் இருந்தது. தடவிப் பார்த்துவிட்டு, அப்படியானால் நான்தான் எங்கேயோ உளறியிருக்கிறேன் என்று சொல்லி அழுதாள். அழட்டும் என்று விட்டேன். சாயங்காலம் உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். அவளே ஒப்புக்கொண்டாள் என்று அதில் ஒரு வரி இருக்கும். அது பொய் இல்லை, அவள் அப்படித்தான் சொன்னாள்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். வேணி வராமல் இருந்திருந்தால் நின்றிருக்கும்.

வேணி அந்த முப்பத்தொரு பேரில் ஒருத்தி. முப்பது வயது இருக்கும், இரண்டு பெண் குழந்தைகள். புருஷன் குவாரியில் செத்து இரண்டு வருஷம். எழுதிக் கொடுக்க மறுத்தவள் அவள் ஒருத்திதான். பஸ் பிடித்து என்னைத் தேடி வந்து, இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க பேர யாரு சார் சொன்னது? அந்தப் பாப்பாதானா?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது.

பிறகு, "பாப்பாகிட்டகூடச் சொல்லாத ஒண்ண ஒங்ககிட்டச் சொல்றேன். நீங்க பெரிய படிப்பு படிச்சவங்க," என்றாள்.

புருஷன் செத்த அன்றைக்கு அவனுடைய போன் அவள் கையில் இருந்திருக்கிறது. குவாரி மேனேஜர் அதில் கூப்பிட்டு, போலீஸ் கேட்டால் பைக்கில் போய் விழுந்துவிட்டான் என்று சொல்லு எனச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அந்தப் போன் வரும் பேச்சையெல்லாம் தானாகப் பதிந்து வைக்கிற போன். மேனேஜர் குரல் அப்படியே அதில் இருக்கிறது. அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருப்பதாகச் சொன்னாள். கொண்டு வந்து தரட்டுமா, உங்களிடம் இருந்தால் பயமில்லை என்றாள். பிரியா சொன்ன அதே பேச்சு.

நான் வாங்கிக்கொள்வதாகச் சொல்லவில்லை. அது என்னிடம் இருந்தால் எனக்கல்லவா தொல்லை. வீட்டிலேயே பத்திரமாக வைத்திரு, யாரிடமும் மூச்சு விடாதே என்று சொல்லி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். பிள்ளைகளுக்கு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்தேன்.

பஸ் கிளம்பியதும் அங்கேயே நின்று முத்துவேலுக்குப் போன் செய்தேன். போன் ஒன்று இருக்கிறது, அரிசி டிரம்மில் இருக்கிறது என்றேன். இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். பட்டியலை அவர் கேட்டார், கொடுத்தேன். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு அவள் கூரை வீடு எரிந்தது. ஊரே நூறுநாள் வேலையில் இருந்த நேரம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வேணியும் ஏரிக்கரையில்தான் மண் வெட்டிக்கொண்டிருந்தாள். புகையைப் பார்த்து ஓடி வந்தவள், நான்கு பேர் பிடித்தும் திமிறிக்கொண்டு உள்ளே போனாளாம். அரிசிக்காகப் போனாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் உயிர் இருந்தது. மின்கசிவு என்று எழுதினார்கள். அந்த வீட்டுக்குக் கரண்ட் இணைப்பே கிடையாது.

சாவுக்கு பிரியா போயிருக்கிறாள். காட்டிக் கொடுத்தவள் என்று பெண்கள் மண்ணை வாரித் தூற்றித் துரத்தியிருக்கிறார்கள். இப்போது ஜெயங்கொண்டத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாள். தன்னால்தான் வேணி செத்தாள் என்று இன்றைக்கும் நம்புகிறாள். அவள் அம்மா ஒருமுறை எனக்குப் போன் செய்து, சரியாகச் சாப்பிடுவதில்லை சார், நீங்கள் சொன்னால் கேட்பாள் என்றார். நானும் கூப்பிட்டு, மனதைத் தளரவிடாதே, தவறு யாருக்கும் நேரும் என்று ஆறுதல் சொன்னேன்.

ஆகவே அவள் மேல் தப்பில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். நல்கையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நல்ல பெண். எழுதும்போது ஒன்றே ஒன்று. இதைச் சொன்னது யார் என்று மட்டும் போட வேண்டாம். ஓய்வு பெற எனக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், ஊரெல்லாம் எங்களைத் தெரியும். முன்பின் தெரியாத உங்களிடம் இவ்வளவும் மனம்விட்டுப் பேசியிருக்கிறேன் என்றால், பெயர் வெளியே போகாது என்கிற ஒரு நம்பிக்கையில்தான், மேடம்.