நாற்பத்து மூன்று சால்வைகள்

கடைகளில் சால்வை என்று சொல்லி விற்பதில் பாதி ஒரு துவைப்புக்குத் தாங்காது. உறையூர்த் தறியில் நெய்ததாக இருந்தால் பத்து வருஷம் உழைக்கும். நம் குத்துச்சண்டைக் கழகத்தின் வெள்ளி விழா மலருக்காக, "1979 மாநில இறுதிப் போட்டியில் தைரியராஜ் தோற்றது எப்படி? அப்போதைய செயலாளர் என்ற முறையில் அரைப் பக்கம் எழுதவும்" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குச் சால்வையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அரைப் பக்கம் போதாது.

தைரியராஜ் பாலக்கரைப் பையன். அவன் குத்தி நான் பார்த்ததே இல்லை, எதிராளி விழுந்துதான் பார்த்திருக்கிறேன். நாம் கண் இமைப்பதற்குள் கை போய்த் திரும்பியிருக்கும். துறையூரில் ஒருமுறை, ஆள் விழுந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடி விழுந்த சத்தம் கேட்டது என்று நடுவரே சொன்னார். சரியாகச் சொன்னால், சொன்னது நான். அவர் மறுக்கவில்லை.

ராணுவத்திலிருந்து வந்த பிலோமின்ராஜ் மாஸ்டர்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர். விடிவதற்குள் பாலக்கரையிலிருந்து காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வரைக்கும் ஓடவிட்டு, அதே ஓட்டமாகத் திரும்பக் கூட்டிப் போவார். "மூஞ்சிக்கு முன்னாடி கை, மூஞ்சிக்கு முன்னாடி கை" என்பது தவிர அவர் வேறு எதுவும் பேசிக் கேட்டதில்லை.

நான் ஸ்ரீரங்கத்துக்காரன். கொசுவைக்கூட விரட்டித்தான் பழக்கம். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று கழகத்துக்குக் கூப்பிட்டார்கள், பதினான்கு வருஷம் செயலாளராக இருந்தேன். தைரியராஜ் என்னைப் 'புளியோதரை சார்' என்பான். அதில் எனக்கு வருத்தமில்லை.

1978இல் மாவட்டப் போட்டியில் ஜெயித்ததும் அவன் மைக்கில் நன்றி சொன்னான். மாஸ்டருக்குச் சொன்னான், அம்மா லூர்துராணிக்குச் சொன்னான். மேடைக்குக் கயிறு கட்டியவருக்கு, மைக் செட்காரருக்கு, சோடாக்கடைக்காரருக்கு, மழை வராமல் பார்த்துக்கொண்டதற்காக மாதாவுக்கு. மைக் ஸ்டாண்டு உடைந்திருந்ததால் அவ்வளவு நேரமும் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். என் பெயர் வரவில்லை. இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை ஏழே காலுக்கு உறையூர் பஸ் ஏறிச் சால்வை வாங்கப் போனது முழுக்க முழுக்கக் கழகத்தின் நலனுக்காக.

அந்த அக்டோபரிலிருந்து அடுத்த மார்ச் வரை நாற்பத்து மூன்று பாராட்டுக் கூட்டம் நடத்தினேன். நெசவாளர் சங்கம், அரிசி மண்டி, தையல்காரர்கள், பல் டாக்டர் ஒருவர் கிளினிக் திறந்தது என்று எதையும் விடவில்லை. பட்டங்களும் கொடுத்தோம். 'காவிரி இடி', 'இருகரைச் சிங்கம்', 'மலைக்கோட்டையின் மறுகோட்டை.' கடைசிப் பட்டத்துக்கு எனக்கே அர்த்தம் தெரியாது, ஆனால் கைதட்டல் அதற்குத்தான் அதிகம். மாலைகள் ஒவ்வொன்றும் ஆள் உயரம். ஒரு கூட்டத்தில் மாலைக்குள் அவன் இருக்கிறானா என்று கையை விட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

கூட்டத்துக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்பது என் கொள்கை. நான் கைக்குட்டையை எடுத்ததும் பிச்சையின் பேண்டு செட் முழங்கும். தைரியராஜ் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, கண்ணை மூடி, தலையைக் குனிய வேண்டும். மாலை விழும். முதல் ஐந்து கூட்டங்களில் விலாவில் இடித்து ஞாபகப்படுத்தினேன். பத்தாவதற்குள் தானாகக் குனிந்தான். இருபதுக்குப் பிறகு, தெருவில் யார் வீட்டுக் கல்யாண ஊர்வலம் போனாலும் குனிந்தான்.

ஓட்டம் நின்றது. மாஸ்டர் வீட்டு வாசலுக்கே போய்க் கத்தினார்.

"எந்திரிடா. பாலம் காத்துக் கெடக்கு."

"சிங்கம் எங்கயாச்சும் ஓடுமா மாஸ்டர்? அதைப் பார்த்து மத்ததுங்கதான் ஓடும்."

அவன் என்னிடமும் கேட்டான். "என்ன சார், மாஸ்டர் கையத் தூக்கு, கையத் தூக்குன்னு உசுர வாங்குறாரு?"

"கையைத் தூக்கினா மூஞ்சி மறைஞ்சுடாதோ தைரியம்? ஜனங்க பார்க்க வரது உன் மூஞ்சியைன்னா?" என்றேன்.

அவன் யோசித்தான். அவன் யோசித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதற்கப்புறம் சண்டையில் கை மேலே ஏறவில்லை.

பேட்ரிசியா மட்டும் ஸ்ரீரங்கத்துக்கு என் வீடு தேடி வந்தாள். அவனுக்கு நிச்சயித்திருந்த பெண், ஆரம்பப் பள்ளியில் டீச்சர்.

"சார், அவரு மூணு மாசமா ஓடல. ஃபைனல்ல ஜெயிக்கிறவருக்குத்தான் ரயில்வே வேலைன்னு சொல்லிட்டாங்க. வேலைக்கான ஆர்டரைப் பார்த்தாத்தான் மாதா கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சு ஊருக்கு அறிவிக்க விடுவேன்னு எங்கப்பா உக்காந்திருக்காரு. சால்வை போதும் சார்."

"கவலைப்படாதேம்மா. உன் கல்யாணத்துக்கு நாப்பத்து நாலாவது போட்டுடறேன்" என்று சொல்லிக் காபி கொடுத்து அனுப்பினேன். இத்தனை பேரில் அவள் ஒருத்திக்குத்தான் கணக்கு புரிந்திருந்தது. அதை நான் மனதுக்குள் மெச்சினேன்.

இறுதிப் போட்டியில் எதிராளி வையம்பட்டி வீரமலை. கிணறு வெட்டுகிற ஆள், தைரியராஜிடம் ஏற்கெனவே மூன்று முறை விழுந்தவன். போட்டிக்கு முன் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "மூக்குல மட்டும் வேணாம்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க சார்" என்றான். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை, அவசியம் இருக்காது என்று எனக்குத் தெரியும்.

வெற்றி ஊர்வலத்துக்கு எல்லாம் தயார். 'மாநிலச் சாம்பியன் தைரியராஜ்' என்ற சுவரொட்டி இரண்டு நாள் முன்பே ஊரெங்கும் ஒட்டியாயிற்று. ஜோடித்த ஜீப் வாசலில் நின்றது. பிச்சையின் பேண்டு செட் மேடைக்குப் பக்கத்திலேயே, என்னை மட்டும் பார்த்துக்கொண்டு.

கையைத் தொங்கப் போட்டுக்கொண்டும், நடுநடுவே பெண்கள் பக்கம் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டும் முதல் இரண்டு சுற்றையும் தைரியராஜ் எடுத்துவிட்டான். அப்பேர்ப்பட்ட கை. கடைசியான மூன்றாவது சுற்றில் ஒரு நிமிஷம் பாக்கி. சும்மா நின்றிருந்தாலே ஜெயித்திருப்பான். நாற்பத்து மூன்று சால்வையும் போதவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மார்ச் மாத வெயில். முகம் துடைக்கத்தான் கைக்குட்டையை எடுத்தேன் என்று ஒன்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன். எனக்கு அன்று வியர்க்கவில்லை.

பேண்டு முழங்கியது. தைரியராஜ் இரண்டு கையையும் தூக்கினான். கண்ணை மூடினான். தலையைக் குனிந்தான். வீரமலை மரியாதை தெரிந்தவன், ஒரு நொடி நடுவரைப் பார்த்தான். குத்தினான்.

தைரியராஜ் நினைவு வந்து முதலில் கேட்டது, "மாலை எங்க?"

வீரமலைக்கு ரயில்வே வேலை கிடைத்தது. தைரியராஜ் துறையூர் பஸ்ஸில் கண்டக்டராகப் போனான். கல்யாண ஓலை வாசிக்க பேட்ரிசியா நாலு வருஷம் காத்திருந்தாள்.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போய், ஒன்று விடாமல் இதையெல்லாம் சொன்னேன். மனசாட்சி உறுத்தியதுதான் காரணம், வேறெதுவும் இல்லை. தைரியராஜ் இருமல் வருகிற வரை சிரித்தான்.

"போங்க சார். நீங்க என்னைச் சாச்சீங்களா? புளியோதரை சாரா? என்னை அடிக்க இன்னும் ஆளு பொறக்கல. அன்னிக்கி எனக்கு ஜலதோஷம். ஏ பேட்ரிசியா, சார் சொல்றதக் கேட்டியா?"

பேட்ரிசியா சிரிக்கவில்லை. நான் பாதி குடித்திருந்த காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் நம்புகிறாள். அது ஓர் ஆறுதல். ஆனால் ஒருத்தி நம்பினால் போதாது.

உங்கள் மலரின் அச்சுப்படி பார்த்தேன். பதினான்காம் பக்கத்தில், 'தைரியராஜை வென்றவர்: வீரமலை' என்று போட்டிருக்கிறீர்கள். தவறு. வீரமலை ஒரே ஒரு குத்து விட்டான், அதுவும் அனுமதி கேட்டுக்கொண்டு. ஆறு மாதம் உழைத்தவன் நான். எனக்குப் பெருமை ஒன்றும் வேண்டாம், வரலாறு சரியாக இருந்தால் போதும். அவன் பெயரை அடித்துவிட்டு 'ஸ்ரீரங்கம் எஸ். ஆர். வரதராஜன்' என்று மாற்றவும். என் புகைப்படம் இத்துடன் இருக்கிறது. பக்கத்தில் இடம் போதாவிட்டால் தைரியராஜின் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொள்ளலாம், அவன் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டான்.